நார்மல் பாட்டில்

மனிதன் எதையெதையோ சொல்லிப் பெருமையடித்துக்கொள்வான். வீட்டைச் சொல்வான், ஸ்கூட்டரைச் சொல்வான், மாமனாரின் உத்தியோகத்தைச் சொல்வான். பேராசிரியர் ரகுபதி தன் மூத்திரத்தைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார். சிரிக்காதீர்கள், நிஜம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்தக் கல்லூரியில் உயிர்வேதியியல் பட்டப்படிப்பு ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இது எழுபத்து நாலாம் வருஷம். கடைசி ஆண்டில் இருபத்து நாலு பேர். சிறுநீர்ப் பரிசோதனை வகுப்பு வந்தால் மேஜைமேல் நாலு பாட்டில் இருக்கும். ஒன்றில் சர்க்கரை கலந்திருப்பார்கள், ஒன்றில் புரதம், ஒன்றில் அசிட்டோன். நாலாவதில் எதுவும் கலக்க மாட்டார்கள். நோய்நொடி இல்லாத மனிதனின் சிறுநீர் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக அது. அதன்மேல் 'நார்மல்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். அந்த நோய்நொடி இல்லாத மனிதன் சாட்சாத் ரகுபதிதான்.

"ஆறு வருஷமா இந்த டிபார்ட்மெண்டுக்கு நான்தான் நார்மல்," என்பார், என்னமோ பதக்கம் வாங்கியவர்போல. "இந்த ஏரியாவுல யார்கிட்ட வாங்கறது? குடிக்கிற தண்ணியிலேயே எண்ணெய் மிதக்குது. மாம்பலத்திலேருந்து எனக்கு வேண்டிய தண்ணியை நானே கொண்டுவர்றேன்." அப்படிக் கொண்டுவந்த கூஜாவைப் பதினோரு மணிக்குள் குடித்துத் தீர்த்துவிட்டு, அரை மணிக்கொரு தரம் வெளியே போய்வருவார். பொங்கலுக்கு முன்னால் செருப்புக் கடித்த கால் பெருவிரலில் பிப்ரவரி முடியப்போகும்போதும் கட்டு இருந்தது. வெறும் கடி என்று தட்டிவிட்டுவிடுவார்.

ஐரீனுக்கு இந்த ஆளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் ராயபுரத்துப் பெண். அப்பா லூயிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். முதல் வருஷம் ஏதோ கேள்விக்கு எழுந்து, "பாத்துகினுதான் இருந்தேன் சார்," என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றோடு அவள் பெயரே போயிற்று. "வாம்மா பாத்துகினு, கல்லீரல் இன்னா பண்ணிகினு கீது?" என்று ரகுபதி கேட்பார். மற்ற இருபத்து மூன்று பேரும் பல்லைக் காட்டுவார்கள். அதில் பாதிப் பேர் வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும் பிறந்ததுகள். வீட்டுக்குப் போனால் இதே பாஷைதான் பேசும். த்தூ!

மாடல் செய்முறைத் தேர்வு வந்தது. அதில் தேறினால்தான் ஹால் டிக்கெட். ஹால் டிக்கெட் இல்லையென்றால் இன்னொரு வருஷம் படிக்கவைக்க வீட்டில் வழியில்லை; எல்சி அத்தை பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலைக்கு ஐரீனின் பெயரைச் சொல்லித் தயாராக வைத்திருந்தாள். ஐரீனோ ஆஸ்பத்திரி லேபில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கவேண்டும் என்று மூன்று வருஷமாக வெறிபிடித்துப் படித்திருந்தாள்.

அன்றைக்கு எல்லோருக்கும் வந்தது நார்மல் பாட்டிலில் சர்க்கரைச் சோதனை. அது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அம்மா ஞானத்துக்குச் சக்கரை வியாதி, ஒரு கால்விரலை எடுத்தாகிவிட்டது. வாரம் ஒரு தடவை வீட்டில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி ஐரீனே பார்ப்பாள். பெனடிக்ட் கரைசல் ஐந்து மில்லி, அதில் சிறுநீர் எட்டுச் சொட்டு, பிறகு கொதிக்கவைக்கவேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் விவகாரம் பெரிது.

நார்மல் பாட்டிலிலிருந்து எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்கவைத்தாள். அடியில் செங்கல் நிறம் திரண்டது. குழாயைக் கழுவி மறுபடி செய்தாள். மறுபடியும் செங்கல்தான்.

பக்கத்து மேஜை பாஸ்கரின் குழாயை எட்டிப் பார்த்தாள். அதுவும் சிவப்பு. ஆனால் ரெக்கார்டு நோட்டில் அவன் அழகாக, 'நீலம், சர்க்கரை இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?"

"போன வருஷ ரெக்கார்டுல நீலம்னுதான் இருக்கு," என்றான் பாஸ்கர். "சாரே நார்மல்னு சீட்டு ஒட்டியிருக்காரு. உனக்கு மார்க் வேணுமா வேணாமா?"

இதுதான் அந்த லேபின் லட்சணம். சீனியர் விட்டுப்போன நோட்டைப் பார்த்து முடிவை முதலில் எழுதிவிடுவார்கள். அடுப்பை அப்புறம்தான் பற்றவைப்பார்கள். ரகுபதியும் குழாயைப் பார்க்கமாட்டார், நோட்டைத்தான் பார்ப்பார். விஞ்ஞானம் வளர்த்த கதை இது!

ஐரீன் கண்ணால் பார்த்ததை எழுதிக்கொண்டு போய் நீட்டினாள். 'செங்கல் சிவப்பு. சர்க்கரை மிக அதிகம்.' ரகுபதியின் முகம் சுருங்கியது.

"டெஸ்ட் ட்யூபைக் கழுவினியா, மீன் கழுவின கையோட வந்தியா?"

"ரெண்டு தபா பாத்தேன் சார். இது ஒங்களுதுதானே? எங்கம்மாவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிது. கால்ல வேற புண்ணு கீது. பெரியாஸ்பத்திரில ஒரு தபா ரத்தம் பாத்துக்கங்க சார்."

அவர் கண் ஒரு வினாடி தன் கால் கட்டுக்குப் போய்வந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது போதும், அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எனக்கே வைத்தியமா, பாத்துகினு? மத்த இருபத்து மூணு பேருக்கும் நீலம், உனக்கு மட்டும் சிவப்பா? திங்கட்கிழமைக்குள்ள ஒழுங்கா எழுதிக்கொண்டு வா. இல்லேன்னா ஹால் டிக்கெட் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீட்டில் பஞ்சாயத்து. லூயிஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "எவனோ ஒருத்தன் மூத்திரத்துக்காவ மூணு வருசப் படிப்ப வுடுவியா நீ? இன்னா கலர் கேக்குறானோ அதையே எழுதிக் குட்த்துட்டு வா. கிரேன் நோட்டுல நாங்க எழுதாத பொய்யா?"

ஞானம் சிரிக்கவில்லை. "பாவம் அந்தாளு. கால் போய்டும்டி. இன்னொரு தபா சொல்லிப் பாரேன்."

"சொன்னேன்மா. வாயத் தொறந்தாலே சிரிக்கிறானுங்க. எனக்கு இன்னா வந்துது? எக்கேடோ கெட்டுப் போவட்டும்."

திங்கட்கிழமை ஐரீன் புதுத் தாளில், 'நீலம். சர்க்கரை இல்லை' என்று எழுதிக்கொண்டு போனாள். எழுதும்போது உள்ளே ஒரு குரூரமான சந்தோஷம்கூட இருந்தது. ரகுபதி அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயமாத்தானே? மறுபடி செஞ்சு பார்த்தியா?"

"பாத்தேன் சார்," என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டுப் பத்துக்குப் பத்துப் போட்டார். ஹால் டிக்கெட் கிடைத்தது. பரீட்சையும் எழுதியாயிற்று.

ஏப்ரல் கடைசியில் பாஸ்கர் வந்து, சார் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார், காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றான். வகுப்பில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு டஜன் மலைவாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். சக்கரைக்காரனுக்கு மலைவாழைப்பழம்! மூன்று வருஷம் உயிர்வேதியியல் படித்ததுகள். ஐரீனும் கூடப் போனாள்.

ரகுபதி கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. பிள்ளைகளைக் கண்டதும் அந்த அம்மாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"பிப்ரவரியிலேயே டாக்டர்கிட்ட போகலாம்னு கெஞ்சினேன். இவருக்கும் உள்ளூரப் பயம்தான். யாரோ ஒரு பொண்ணு சிவப்புன்னு சொல்லிட்டாளாம், ரெண்டு நாள் சாப்பாடே இறங்கலை. திங்கட்கிழமை அவளே நீலம்னு திருத்தி எழுதிக் கொடுத்துட்டா. மத்தவங்க காப்பியடிப்பாங்க, அவ ஒருத்திதான் நிஜமா செஞ்சு பார்க்கறவ, அவளே சொல்லிட்டா, இனிமே எதுக்கு டாக்டர்னு சொல்லிட்டார். அந்தத் தாளை எங்கிட்டயும் காட்டினார். நானும் நம்பிட்டேன்."

இருபத்து மூன்று கோழைகள் என்று இத்தனை நாள் ஐரீன் காறித் துப்பிக்கொண்டிருந்தாளே, அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது.

ரகுபதி கண் விழித்தார். எல்லோரையும் தாண்டி அவளைத்தான் தேடினார்.

"அந்தத் திங்கட்கிழமை... உண்மையாவே நீலமாம்மா இருந்தது?"

பாஸ்கர் அவள் முழங்கையை இடித்தான். அவள் கையை விலக்கிக்கொண்டாள்.

"இல்ல சார். திரும்ப செய்யவே இல்ல. மொதல்ல பாத்தது சிவப்புதான். சிவப்பப் பாத்துகினுதான் நீலம்னு எழுதினேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ரகுபதியும் அந்தப் 'பாத்துகினு'வைப் பிடித்துக் கேலி செய்யவில்லை.