வடகக் கட்டுரைக்குப் புரையேறிய நாள்

எங்கள் மனநலத் துறையில் டாக்டர்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை உலகத்தில் யாராவது மேற்கோள் காட்டினால், எழுதியவருக்குப் புரையேறும். உடனே உச்சந்தலையில் மூன்று தட்டுத் தட்டி, நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். அது என் வேலை. எட்டாவதோடு நின்றவள் என்றாலும் கை லேசானது என்று எடுத்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷமாகத் தட்டுகிறேன். கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டேனோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

வாயில் ஏதாவது இருந்தால்தான் புரையேறும். வாய் சும்மா இருக்கும்போது வரும் மேற்கோள், பூட்டிய வீட்டைப் பார்த்த விருந்தாளி போலத் திரும்பிப் போய்விடும். அதனால் எங்கள் டாக்டர்கள் சுண்டலோ கடலைமிட்டாயோ மென்றுகொண்டேதான் நோயாளிகளைப் பார்ப்பார்கள். நோயாளிக்கும் ஒரு கை கொடுப்பார்கள். எந்தக் கட்டுரைக்கு ஏறியது என்பது இருமலிலேயே தெரிந்துவிடும். தூக்கத்தைப் பற்றிய கட்டுரை என்றால் இருமி முடித்ததும் இரண்டு கொட்டாவி வரும். பரீட்சைப் பயத்தைப் பற்றியது என்றால் நகத்தைக் கடிப்பார்கள்.

டாக்டர் மெஹருன்னிசா பேராசிரியர் ஆவதற்குப் பன்னிரண்டு கட்டுரைகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு முறையாவது புரையேறியிருக்க வேண்டும். ஒரே கட்டுரைக்கு ஆயிரம் முறை ஏறினாலும் செல்லாது. பதினொரு கட்டுரைகள் தாண்டிவிட்டன. மீதி ஒன்று, வடகம் காயப்போட்ட பெண்களுக்கு மேகத்தைக் கண்டதும் வரும் பதற்றத்தைப் பற்றியது. அதற்குப் பதினொரு கோடுதான் விழுந்திருந்தது. அந்தக் கட்டுரைக்கு இருமும்போது மட்டும் டாக்டரின் முகம் தானாக நிமிர்ந்து மேலே பார்க்கும். நான்கு மாதமாக அவர் மேலே பார்க்கவில்லை.

புதன்கிழமை பகல் ஒரு மணிக்குத் தேர்வுக் குழு நோட்டை மூடும் என்று கடிதம் வந்தது. அதற்குள் ஒரு கோடு விழாவிட்டால் டாக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு, செவ்வாய்தோறும் அவர் நடத்தும் கவலைப் பிரிவையும் மூடிவிடுவார்கள். எங்கள் ஊரில் பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்து கவலைப்பட இருக்கும் ஒரே இடம் அது. மின்விசிறி உண்டு. நானும் வேலை முடிந்ததும் அரை மணி நேரம் அங்கே கவலைப்பட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே டாக்டர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். கவலைப் பிரிவுப் பெண்கள் இருபது பேரும் ஆளுக்கொரு தூக்குவாளியோடு வந்திருந்தார்கள். இடியாப்பம், பணியாரம், சுசியம் என்று ஒன்று முடிய ஒன்று வைத்தார்கள்.

பதினொரு மணிக்கு ஆபீஸ் சூப்பிரண்டு தேவசகாயம் என் பக்கத்தில் வந்து நின்றார். "பேச்சியம்மா, ஒரு கோடுதானே. பேனா உங்க கையிலதான இருக்கு?"

"பேனா என் கையில இருக்கு சார். இருமல் டாக்டர் தொண்டையிலல்லா இருக்கணும்."

"அப்போ டாக்டரம்மாவே அந்தக் கட்டுரையை நினைச்சுக்கிடட்டும்."

"தன்னைத் தானே நினைச்சு வர்ற இருமலுக்குத் தனிப் பக்கம் சார். அதை யாரும் படிக்க மாட்டாங்க."

டாக்டர் வாய் நிறையச் சிரித்தார். "அந்தப் பக்கத்துல எனக்கு நாப்பத்தாறு இருக்கு, இல்லக்கா?"

"நாப்பத்தெட்டு டாக்டர். பேசாம மெல்லுங்க."

பன்னிரண்டரைக்குக் குழுவினர் மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்கும் இலை போட்டோம். சிறிது நேரத்தில் டாக்டர் இருமினார். எல்லோரும் எழுந்து நின்றோம். இரண்டு கொட்டாவி வந்தது. எல்லோரும் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் கழித்து மறுபடி இருமினார். நகத்தைக் கடித்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. தட்டும்போது கை வழுக்கிவிட்டால் என்ன செய்வது என்று முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தது. டாக்டர் ஒரு சுசியத்தைக் கடித்தார். புரையேறியது. முகம் மேலே நிமிர்ந்தது. மூன்று தட்டுக்கு நிற்கவில்லை; ஒன்பது தட்டியும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"யாரோ திட்டுறாங்க," என்றார் டாக்டர் இருமலுக்கு நடுவே.

"என்ன சொல்லித் திட்டுறாங்க?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"மேகத்துக்கும் பதற்றத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். நான் எழுதினது பூராத் தப்பாம். பதிமூணு பக்கத்துக்கு எழுதியிருக்கான்."

"அவன் வீட்டுல வடகம் போட்டிருக்க மாட்டாங்க," என்றாள் கவலைப் பிரிவு இசக்கியம்மாள். "போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி."

நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். திட்டினால் கோடு உண்டா இல்லையா என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. இத்தனை வருஷத்தில் எங்கள் டாக்டர்கள் யாரையும் யாரும் இந்த அளவுக்குப் பொருட்படுத்தியதில்லை. தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது.

"நினைச்சாங்களான்னுதான் விதியில கேட்டிருக்கு. எப்படி நினைச்சாங்கன்னு கேக்கல. போடுங்கம்மா."

போட்டேன். அவசரத்தில் கோடு சாய்ந்துவிட்டது. சாய்ந்த கோடும் செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்றார். இருபது பெண்களும் குலவையிட்டார்கள். டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். திட்டியவர் நன்றாக இருக்க வேண்டும் என்று இசக்கியம்மாள் மேற்கு நோக்கி ஒரு பணியாரத்தை வைத்தாள். குழுவினர் மிச்சப் பலகாரத்தைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்று மணிக்குப் பேராசிரியர் நாற்காலி தலைமைக் கட்டடத்திலிருந்து நடந்து வந்தது. மூன்று மாடி ஏறியதில் அதற்கு மேல்மூச்சு வாங்கியது. கடைசிப் படியில் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, உட்கார ஒரு ஸ்டூல் போட்டேன். காப்பியா டீயா என்று கேட்டேன். காப்பி, சர்க்கரை வேண்டாம் என்றது.