யாரும் தொடாமல் திரும்பிய தலை

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பொம்மையின் தலை ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. ஜெயராணி அதைத் திருப்பவில்லை. மூன்று நாளாக, இதே நேரத்துக்கு இப்படித்தான்.

முதுநகர் வாடகை வீட்டின் முன்னறையில் அவள் ஒரு பொம்மைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கும் சிறுமியைத் தேடி, பிச்சாவரத்துக் காட்டிலிருந்து ஒரு நண்பன் வருகிறான். இதுதான் கதை. பொம்மையைக் கையால் துளி நகர்த்தி ஒரு படம், இன்னும் துளி நகர்த்தி அடுத்த படம். வேகமாக ஓட்டினால் அது நடப்பதுபோலத் தெரியும். யாராவது நகர்த்தினால்தான் உண்டு.

"பேயா இருந்தாலும் டைமுக்கு டூட்டிக்கு வருதுக்கா," என்றான் கேமரா பார்க்கும் தம்பி சார்லஸ்.

"வாய மூடுடா. பாப்பா காதுல விழப்போவுது."

விழுந்துவிட்டது. சிதம்பரத்திலிருந்து வந்த பிறகு மகள் வினோதினிக்கு இங்கே விளையாடத் துணை யாருமில்லை. தலை திரும்பும் அந்த நண்பன் பொம்மையோடுதான் பேச்சு.

மறுநாள் ஜெயராணி கேமராவைத் தானாகப் படம் பிடிக்க விட்டு, அறையைப் பூட்டினாள். சாப்பிட்ட பிறகு திறந்து படங்களை ஓட்டினார்கள். கை எதுவும் தெரியவில்லை. தலை மட்டும் மெல்ல மெல்ல ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்குத் திரும்பியது. சார்லஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

ஜன்னலுக்கு வெளியே, படித்துறையில், முழங்கால் தண்ணீரில் வினோதினி நின்றிருந்தாள்.

ஜெயராணி ஓடிப்போய்த் தூக்கினாள்.

"ஜன்னல் வழியா பாத்தேம்மா. அவன் தண்ணியப் பாக்குறான். வான்னு கூப்புடுறான்."

பொம்மையை எரித்துவிடலாம். ஆனால் எரித்தாலும் அவனைத் தேடி இவள் ஆற்றுக்குத்தான் போவாள். அறைக்குத் திரும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் ஜெயராணி ஈரக் கையோடு பொம்மையின் கழுத்தைப் பிடித்தாள். தலை அவள் கைக்குள்ளேயே திரும்பியது.

 அவள் விடவில்லை. விரலில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மற்ற பொம்மைகளுக்கெல்லாம் கழுத்தில் கம்பி. இதற்கு மட்டும், வேர்போலத் தெரியட்டும் என்று சணலை முறுக்கி வைத்திருந்தாள். சணல் ஈரத்தை இழுத்தால் உப்பும். உப்பினால் முறுக்கு தளரும். தளர்ந்தால் மேலே இருக்கும் தலை சுற்றும். காலையில் தரைக்காற்று உலர்ந்திருக்கும். மத்தியானம் கடல் காற்று ஈரத்தோடு உள்ளே வரும்.

"நீயே தொட்டுப் பாருடி."

வினோதினி சணலில் தண்ணீர் தடவினாள். தலை திரும்பியது. ஹேர் டிரையரைக் காட்டினாள். மெதுவாகத் திரும்பி வந்தது. மறுபடி தடவிப் பார்த்தாள்.

"அப்ப அவன் கூப்புடலியா?"

"இல்லடி. ஈரம் ஏறுது, கயிறு சுத்துது."

சணலை உருவிவிட்டு அலுமினியக் கம்பி செருகினார்கள். மத்தியானம் கடல் காற்று வந்தது, தலை அசையவில்லை. இனி படத்துக்காக அதைத் திருப்பும் வேலையை வினோதினிக்குக் கொடுத்தார்கள்.