தாளிக்காத ஒன்பது நாள்

தூங்கி எழுந்தபோது குழந்தைவேலுவுக்கு அம்மை போட்டிருந்தது. அதாவது, அப்படி என்று அவர் பெண்டாட்டி விருத்தாம்பாள் தெருவுக்கே சொல்லியிருந்தாள். சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து, விடிந்த பிறகு வந்து படுத்த மனுஷன். உடம்பில் ஒரு கொசுக்கடித் தடிப்புகூடக் கிடையாது.

"இன்னாடி இது, கேட்டுல வேப்பிலை தொங்கிக்கினு இருக்குது?"

"கத்தாதீங்க. உங்களுக்கு அம்மா வந்திருக்குது."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். பேசாம படுங்க. ஊசி வண்டி தெருமுனையில நிக்குது."

கொரோனா இரண்டாவது முறை ஆட்டிவைத்த வருஷம் அது. தடுப்பூசி புதிது, அதைப் பற்றிய பேச்சு அதைவிட வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. விருத்தாம்பாளுக்குப் பேச்சே தேவைப்படவில்லை. காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் செய்த அவள் தம்பி சிலம்பரசன் ஊசி போட்ட நாலாம் நாள் செத்துப்போனான். அவனுக்கு மூன்று நாளாகவே காய்ச்சல் இருந்தது, அதை மறைத்து மாத்திரை போட்டுக்கொண்டுதான் கேம்புக்குப் போனான் என்று அவன் பெண்டாட்டியே அழுதபடி சொன்னாள். விருத்தாம்பாள் அதைக் காதில் வாங்கினாள், மனசில் வாங்கவில்லை. யார் மேலாவது பழியைப் போட்டால்தானே அழுகை கொஞ்சமாவது அடங்கும். ஊசியின் மேல் போட்டாள்.

புருஷனுக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. அவரையும் ஊசிக்குக் கொடுத்துவிட்டு நிற்க அவள் தயாராக இல்லை. அதனால்தான் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கொல்லை மரத்தில் நாலு கொத்து ஒடித்துக் கேட்டில் செருகினாள். அம்மன் இறங்கிய வீட்டில் ஊசி கூடாது, மாத்திரை கூடாது, வெளியாள் நுழையக் கூடாது. கலெக்டரே வந்தாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஊசி போடும் நர்ஸும் அப்படித்தான் நின்றாள்.

"யாருக்கும்மா?"

"வூட்டுக்காரருக்குங்க. இன்னிக்குத்தான் முத்து தெரியுது."

நர்ஸ் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, அடுத்த தடவை மருந்து வந்ததும் மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டு அடுத்த கேட்டுக்குப் போனாள். விருத்தாம்பாள் பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சு பாதி வெளியே வருவதற்குள் அடுத்த கேட்டில் பேச்சு கேட்டது.

அவர்கள் குடியிருந்தது எட்டு வீடுகள் ஒட்டி நிற்கும் குவார்ட்டர்ஸ் வரிசை. அடுத்த வீடு திலகவதியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக இங்கே இருக்கிறவர்கள். இரண்டு சமையல்கட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே கடுகு வெடித்தால் இங்கே தும்மல் வரும். திலகவதியின் புருஷன் சங்கரலிங்கம் தேய்த்த அரைக்கைச் சட்டையைப் போட்டு, ஆதார் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்தே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மாதத்தில் ரிட்டயர்டு ஆகப்போகிறவர்.

திலகவதி நர்ஸிடம் சொன்னாள்: "பக்கத்து வீட்ல அம்மா எறங்கியிருக்கா சிஸ்டர். எங்களுக்கும் அவகளுக்கும் ஒரே சுவரு. இப்பப் போய் ஊசி குத்திக்கிட்டா ஆத்தா கோவிச்சுக்கிடுவா. அந்த அண்ணன் நல்லபடியா எந்திரிக்கட்டும், அடுத்த தடவை போட்டுக்கிடுதோம்."

நர்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சங்கரலிங்கம் எழுந்து உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினார். அதற்கப்புறம் வரிசையில் யாரும் வரவில்லை. ஒரு வீட்டுக்குப் போட்ட வேலி எட்டு வீட்டையும் வளைத்துக்கொண்டது.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி விருத்தாம்பாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லைங்க, சும்மா கட்டினது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாரியம்மன் பெயரில் பொய் சொன்னவள் என்று தெரு காறித் துப்பும். வண்டி போய்விட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. குழந்தைவேலு செக்‌ஷனுக்குப் போன் போட்டு இருந்த லீவையெல்லாம் எழுதச் சொன்னார். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. ஷிப்ட் பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார், பிறகு உட்காருவார். கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்தது.

"உண்மையைச் சொல்லிடுறேன்டி."

"சொல்லுங்க. அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க."

அவரும் சொல்லவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் ஊசிப் பயம் கொஞ்சம் இருந்தது. அவள் பொய்யின் நிழலில் அது சுகமாக உட்கார்ந்துகொண்டது. இந்த விஷயத்தில் ஆம்பளை யோக்கியம், பொம்பளை யோக்கியம் என்று பிரித்துப் பேச எனக்கு மனசில்லை.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். இங்கே கேப்பைக்கூழே கேட்டைத் தேடி வந்தது. தினமும் காலையில் திலகவதி தூக்குவாளியில் கூழும், நாலு சின்ன வெங்காயமும், ஒருநாள் விட்டு ஒருநாள் இளநீரும் கேட்டோரம் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள்: "அக்கா, அண்ணனுக்கு முத்து எறங்குதா?"

"எறங்கிக்கினு இருக்குதும்மா."

அந்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய்ச்சட்டிச் சத்தமே இல்லை. அம்மை கண்டவரின் மூக்கில் தாளிப்பு நெடி ஏறக் கூடாது. சுவர் ஒன்று என்பதால் நோன்பும் ஒன்று என்று திலகவதி எடுத்துக்கொண்டாள். புளித்த மோரும் அவித்த காயுமாக அந்த வீடு ஓடியது. விருத்தாம்பாள் கூழ் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

நாலாம் நாள் சுவருக்கு அப்பால் இருமல் கேட்டது. முதலில் வறட்டு இருமல், அப்புறம் மூச்சை இழுத்து இழுத்து. விருத்தாம்பாள் பாயில் புரண்டாள், எழுந்தாள், சுவரில் காதை வைத்தாள். ஏழாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. கவச உடை போட்ட இரண்டு பேர் சங்கரலிங்கத்தை ஏற்றினார்கள். ஏறும்போது அவர் இந்த வீட்டு வேப்பிலையைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற விருத்தாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

ஒன்பதாம் நாள் காலையில் திலகவதி கேட்டில் வந்து நின்றாள். கொரோனா டெஸ்டில் அவளுக்கு இல்லை என்று வந்திருந்தது. என்றாலும் மாஸ்க்கோடு தள்ளித்தான் நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு அண்ணனுக்கு மூணாந்தண்ணி ஊத்துவீயள்லா? ஊத்தி இலையை எடுத்துப் போடுறதுக்கு முன்னால அந்த வேப்பிலையில ஒரு கொத்து குடுங்க. அவுகளுக்கு ஆக்சிஜன் வச்சிருக்காவ. தலைமாட்டுல வைக்கச் சொல்லி நர்ஸம்மாகிட்ட குடுத்தனுப்புதேன். ஆத்தா தங்கின வீட்டு இலை, கைவிட மாட்டா."

விருத்தாம்பாள் கேட்டுக்குப் போனாள். காய்ந்து சுருண்ட கொத்தில் கை வைத்தாள். கொடுத்துவிட்டால் தீர்ந்தது, யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் கொத்தைப் பிய்த்துக் கொடுக்கக் கை வரவே இல்லை.

"அம்மா திலகா... இது சும்மா நான் கட்டினது. அவருக்கு அம்மை இல்ல. ஊசிக்குப் பயந்துக்கினு கட்டினேன்."

திலகவதி புரியாதவள் போலப் பார்த்தாள். "அப்போ அண்ணனுக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல."

அவள் திட்டுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று விருத்தாம்பாள் காத்திருந்தாள். அப்படி ஏதாவது செய்யமாட்டாளா என்று ஏங்கினாள் என்றே சொல்லலாம்.

"ஒம்பது நாளா நாங்க தாளிக்கலையே அக்கா" என்று மட்டும் சொன்னாள் திலகவதி. வெறுங்கையோடு திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விருத்தாம்பாள் நாலு கொத்தையும் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள். தெருவில் இறங்கி ஒவ்வொரு கேட்டாக நின்று கத்தினாள். "என் வூட்டுல அம்மா வரல! நான் சொன்னது பொய்! வண்டி வந்தா ஊசி போட்டுக்குங்க, யாரும் தயங்காதீங்க!" கடைசி கேட்டில் குரல் உடைந்துவிட்டது. ஒருத்தர் கதவை அடித்துச் சாத்தினார். இன்னொருத்தி நடுத்தெருவில் துப்பினாள். எல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான்.

பத்து மணிக்கு வண்டி வந்தது. வரிசையிலிருந்து பதினோரு பேர் வந்து நின்றார்கள். குழந்தைவேலு ஒன்பது நாள் கழித்து வெயிலில் இறங்கிக் கண் கூச நின்றார். எல்லாருக்கும் பின்னால், நாலடி தள்ளி விருத்தாம்பாள். ஸ்டூலில் உட்கார்ந்தபோது அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிலம்பரசன் முகம் வந்து போனது.

"சிஸ்டர், அந்த சங்கரலிங்கம் அண்ணன் நாலாம் நாளே இரும ஆரம்பிச்சாரு... போன தடவையே போட்டிருந்தா?"

நர்ஸ் கொஞ்சம் யோசித்தாள். "நாலு நாள்ல எந்த ஊசியும் முழுசா வேலை செய்யாதும்மா. சொல்ல முடியாது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். விருத்தாம்பாள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தம்பி விஷயத்தில் கேட்க மறுத்த கணக்கு இதுதானே, இப்போது மட்டும் தனக்குச் சாதகமாக எப்படிக் கேட்பாள்? ஊசி ஏறியது. எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை. அது அவளுக்குக் கோபமாக வந்தது.

மத்தியானம் அவள் சமையல்கட்டுத் தரையில், அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சேதி எதுவும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு சட்டி வைத்த சத்தம். பிறகு எண்ணெயில் கடுகு வெடித்தது. படபடவென்று, ஒரு ஆள் சமையலுக்கு வேண்டிய கொஞ்சூண்டு கடுகு. பின்னாலேயே காய்ந்த மிளகாய்.

நெடி சுவரைத் தாண்டி வந்தது. விருத்தாம்பாளுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கூடத்திலிருந்து குழந்தைவேலு, "இன்னாடி, மொளகா நெடியா?" என்று கேட்டார்.

மிளகாயின் மேல் பழி போட அவளுக்கு மனம் வரவில்லை. "இல்ல" என்றாள்.