கேட்காமல் அச்சான முகம்

பேராச்சியின் தாடையில் கத்தி வைக்க பம்பாயின் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் முன்வரவில்லை. வலது பக்கம் தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்ததுபோல வீங்கியிருந்தது. புற்று இல்லை. ஆனால் எலும்பைத் தின்றுகொண்டே வளருகிற கட்டி. விட்டால் ஒருநாள் மூச்சை அடைத்துவிடும். எலும்போடு வெட்டி எறிந்தால் உயிர் தப்பும், ஆனால் பாதி முகம் உள்ளே விழுந்துவிடும் என்று சொல்லிப் பெரிய டாக்டர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பாகீரதிதான் துணிந்தாள். மாட்டுங்காவில் ரயில்வே குமாஸ்தா பஞ்சாபகேசனின் மூத்த பெண். அறுவை சிகிச்சைக்கு மேல்படிப்பு படித்துவிட்டு, ஆண்கள் நிறைந்த அந்தப் பிரிவில் குடல்வால் நீக்குவதும் கட்டி கீறுவதுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவள். பேராச்சியின் கட்டியை எடுத்தாள். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி, செதுக்கி வளைத்து, போன தாடைக்குப் பதிலாகக் கம்பி போட்டுக் கட்டினாள். சீழ் பிடிக்குமோ, எலும்பு ஒட்டாமல் போகுமோ என்று அந்த மழைக்காலம் முழுக்கப் பாகீரதிக்குச் சோறு இறங்கவில்லை. எலும்பு ஒட்டிக்கொண்டது.

பேராச்சி தாராவிக்காரி. தோல் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில், மூக்குக்குக் கீழே சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடியே ஐந்தாறு வருஷம் வளர்ந்தவள். கட்டுப் பிரித்து முகம் தேறியதும் அந்தக் கை கீழே இறங்கியது. தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். பட்டறையில் வேலை பார்த்த செல்லப்பாண்டி அவளைக் கேட்டு வந்தான், கல்யாணமும் ஆயிற்று. தாடையோரம் ஒரு தழும்பு மட்டும் மிச்சம்.

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம், பாகீரதி இதை ஒரு கட்டுரையாக எழுதினாள். அறுவை சிகிச்சை நிபுணர்களின் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்திய பத்திரிகை அதை ஏற்றுக்கொண்டது. பத்திரிகையைப் பார்த்துக்கொண்டது டாக்டர் சந்திரமௌலி. மாட்டுங்காவில் சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்திருந்தவர், பாகீரதியைவிடச் சில வருஷம் சீனியர். எழுத்தைக் காட்டிலும் படங்கள்தான் கட்டுரைக்கு உயிர் என்றார். ஆபரேஷனுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, பளபளப்பான தாளில் முழுப் பக்கம். அச்சில் பாகீரதி தன் பெயரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. அவள் அப்பா மூன்று தெருவுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

அச்சடித்த பக்கம் கைக்கு வந்த வாரம் பேராச்சி பரிசோதனைக்கு வந்தாள். பாகீரதிக்குச் சந்தோஷம் தாளவில்லை.

"இந்தா பார், யாருன்னு சொல்லு!" என்று தாளை நீட்டினாள்.

பேராச்சி முதலில் வலது பக்கத்துப் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இடது பக்கத்தில் இருந்த பழைய முகத்துக்குப் போனாள். சிரிப்பு நின்றது. அவள் கை தானாக எழுந்து சேலைத் தலைப்பைத் தேடி எடுத்து வாயை மூடிக்கொண்டது. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பாகீரதி அதைப் பார்க்கவில்லை.

"இதை யாரெல்லாம் பாப்பாக?"

"டாக்டர்கள்தான். இங்கே, மெட்ராஸ், டெல்லி, இன்னும் எங்கெங்கேயோ."

"சரிங்க டாக்டரம்மா" என்றாள் பேராச்சி. பரிசோதனைக்குக்கூட உட்காராமல், தலைப்பை விடாமல், வெளியே போய்விட்டாள்.

பாகீரதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. எவ்வளவு பாடுபட்டு அந்த முகத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறோம், ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன? வீட்டுக்குப் போகும்வரை கோபம் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது அது போய், அந்தக் கையும் சேலைத் தலைப்பும்தான் கண்ணில் நின்றன. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் தாராவிக்குப் போனாள்.

செல்லப்பாண்டி பட்டறையில் இருந்தான். பேராச்சி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் பதறி எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பக்கத்துக் கடையில் சாயாவுக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

"படம் எடுக்கும்போது உன்கிட்டே கேட்டேனே பேராச்சி. நீயும் சரின்னுதானே சொன்னே?"

பேராச்சி சற்று யோசித்தாள். சொல்லலாமா என்று பார்ப்பதுபோல டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டீய. கேக்கலன்னு சொல்ல மாட்டேன். ஆனா மறுநா காலைல என் தாடையை அறுக்கப் போறீய. நான் மாட்டேன்னு சொல்லி, உங்களுக்குக் கோவம் வந்து, போடின்னுட்டியன்னா நான் எங்க போவேன்? அன்னைக்கு நீங்க என்னத்தைக் கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"கண்ணைக் கறுப்புப் பட்டை போட்டு மறைச்சிருக்கோம். நீதான்னு யாருக்கும் தெரியாது" என்றாள் பாகீரதி. சொல்லும்போதே அது சப்பையாகத்தான் இருந்தது.

"என்னைக் கண்ணை வச்சா டாக்டரம்மா ஆளுக தெரிஞ்சுக்கிட்டாக? அந்த வீக்கத்தை வச்சுல்லா தெரிஞ்சாக! அதைப் பெரிசாப் போட்டுட்டுக் கண்ணை மறைச்சா என்ன, மறைக்காட்டா என்ன?"

சாயா வந்தது. பேராச்சி இரண்டு கிளாசையும் வாங்கி, ஒன்றை டாக்டரிடம் கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த மூஞ்சியை நான் பாத்ததே இல்ல. வீங்கத் தொடங்கினதும் எங்க அம்மை கண்ணாடியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. கையால தடவிப் பாப்பேன், அம்புட்டுதான். எங்க வீட்டுக்காரரும் பாத்ததில்ல. இனிமே யாரும் பாக்கப் போறதில்லன்னு இருந்தேன். நீங்கதான் எனக்கே காட்டினீய."

பாகீரதி கிளாசைக் கீழே வைத்தாள். இதைவிடப் பெரிய அடி அவளுக்கு எந்தப் பரீட்சையிலும் எந்தப் பேராசிரியரிடமும் விழுந்ததில்லை. ஆனால் பேராச்சி அதை அடியாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் இன்னும் வலித்தது.

"தப்பு என்னோடது. அந்தப் படம் வெளியே போகாது" என்றாள்.

"அதான் அச்சடிச்சாச்சே?"

"அடிச்சாச்சு. எடுத்துடறேன்."

ஆஸ்பத்திரி ஃபைலில் மட்டும் ஒரு பிரதி இருக்கட்டுமா, மறுபடி வீங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று கேட்டாள். இந்தத் தடவை பதில் வரும்வரை காத்திருந்தாள். பேராச்சி நிதானமாக யோசித்துவிட்டு, "எனக்கு வைத்தியம் பாக்கதுக்குன்னா இருக்கட்டும். வேற எதுக்கும் வேண்டாம்" என்றாள்.

அச்சகம் வடாலாவில். பாகீரதி நேரே அங்கே போனபோது பத்திரிகை தைத்து முடிந்து, கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும். சந்திரமௌலி மேசையில் முகவரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"என்ன விளையாடறேளா? அந்தப் பொம்மனாட்டி இங்கிலீஷ் படிக்கப் போறாளா? இந்தப் பத்திரிகையைப் பாக்கப்போறது நாமதான்."

"நாம பாக்கறதைத்தான் வேண்டாம்கறா."

"முன்னாடி இருந்த முகத்தைக் காட்டாம, பின்னாடி சரியாச்சுன்னு எழுதினா உங்களை யார் நம்புவா? கதை விடறேள்னுதான் சொல்வா. உங்களுக்கு இது முதல் கட்டுரை. யோசிச்சுப் பாருங்கோ."

"யோசிச்சுண்டேதான் வந்தேன், டாக்டர். நம்பாட்டாப் போகட்டும்."

"தைச்சாச்சு. பிரிக்க முடியாது."

"பிரிக்க வேண்டாம். அந்த ஒரு தாளை மட்டும் வெட்டி எடுத்துடலாம். என் பேர்ல வந்திருக்கு, நானே வெட்டறேன்."

அச்சகத்துக்காரரிடம் ஒரு பிளேடும் இரும்பு ஸ்கேலும் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதல் பிரதியைத் திறந்தாள். தையலை ஒட்டி ஸ்கேலை வைத்து இழுத்தாள். சந்திரமௌலி மேசையில் உட்கார்ந்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சங்கத்துக்கு யார் பதில் சொல்வது, பளபளப்புத் தாள் விலை என்ன தெரியுமா, இப்படி ஒவ்வொரு நோயாளியும் கிளம்பினால் வைத்தியப் புஸ்தகத்தில் படமே இருக்காது என்று. பாகீரதி வெட்டிக்கொண்டே இருந்தாள். முதல் கட்டு பாதிகூடக் குறைந்திருக்காது. அவர் எழுந்து வந்து பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கோணலா வெட்டறேள். இப்படித் தள்ளுங்கோ" என்று பிளேடை வாங்கிக்கொண்டார்.

அன்று முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தார்கள். படத்தை அச்சடிக்கச் செய்த உலோக பிளாக்கை அரத்தால் ராவச் சொல்லிச் சந்திரமௌலியே நின்று பார்த்தார். வெட்டிய தாள்கள் அடுப்புக்குப் போயின. ஃபிலிம் சுருளைப் பாகீரதி தாராவிக்குக் கொண்டுபோய்ப் பேராச்சியின் கையிலேயே கொடுத்தாள். பத்திரிகை எக்ஸ்ரே படங்களோடு மட்டும் வெளியே போயிற்று. பஞ்சாபகேசன் தன் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நடுவிலே ஏதோ கிழிஞ்சிருக்கே பாகீ?" என்று கேட்டார். பாகீரதி காரணத்தைச் சொன்னாள். அவர் அதே பிரதியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்டப் போனார்.

சந்திரமௌலி பயந்தது நடந்தது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பாகீரதி கட்டுரையை வாசித்து முடித்ததும், பம்பாய்க் கோட்டை வட்டாரத்திலிருந்து வந்த மூத்த சர்ஜன் ஒருவர் எழுந்தார்.

"அழகான கதை. ஆதாரம் எங்கே? எக்ஸ்ரே யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம்."

"நோயாளிக்கு முகத்தைக் காட்ட விருப்பமில்லை" என்றாள் பாகீரதி.

"எப்போதிலிருந்து அவர்களுடைய விருப்பத்தைக் கேட்க ஆரம்பித்தோம்?"

கூடம் சிரித்தது. ஃபைலில் இருந்த பிரதியைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் அந்தச் சிரிப்பு அப்போதே அடங்கியிருக்கும். ஆஸ்பத்திரி இரண்டு கட்டிடம் தள்ளித்தான் இருந்தது. பாகீரதி காகிதங்களை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பொய் சொன்னாள் என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு சிக்கலான கேஸ் எதுவும் அவள் பக்கம் வரவில்லை.

வார்டு நர்ஸ் ரஷீதாவுக்குப் பொறுக்கவில்லை. பேராச்சி அடுத்த முறை வந்தபோது இந்தியில் பொரிந்து தள்ளிவிட்டாள்: உன்னால் எங்கள் டாக்டர் பொய்க்காரி ஆகிவிட்டாள், தெரியுமா? பாகீரதி அதைக் கேட்டு ஓடிவந்தாள். ரஷீதாவை அப்படி அவள் கடிந்துகொண்டதை வார்டு அதுவரை பார்த்ததில்லை.

"அவ சொன்னதை மறந்துடு பேராச்சி. உனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நீ எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை."

"செய்யணும்னு யாரு சொன்னா?" என்றாள் பேராச்சி. "அந்தக் கூட்டம் மறுபடி எப்ப?"

"நீ வர வேண்டாம்."

"டாக்டரம்மா, அந்த மூஞ்சியைத்தான் காட்ட மாட்டேன்னேன். இந்த மூஞ்சிக்கு என்ன கேடு? தெனம் குழாயடியில ஊரே பாக்குது. நானா வாரேன். வேண்டாம்னு எனக்குத் தோணிச்சுன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருவேன். நீங்க தடுக்கப்படாது."

"தடுக்க மாட்டேன்" என்றாள் பாகீரதி.

அடுத்த கூட்டத்துக்குச் செல்லப்பாண்டியும் கூட வந்தான், தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு. பேராச்சி கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாள். சந்திரமௌலியே எழுந்துபோய் அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்தார். முறை வந்ததும் பேராச்சி மேடைக்குப் போனாள். கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். தலைப்பு தோளிலேயே கிடந்தது. இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள், விளக்குக்கு நேரே தாடையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். கைமுறுக்கு. கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்தாள். அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

"வலது பக்கம் பல்லு இல்ல. இடது பக்கத்தால கடிச்சிருவேன். நல்ல கெட்டி முறுக்கு, எங்க மாமியார் சுட்டது" என்று தமிழில் சொன்னாள். பாகீரதி அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். இந்தத் தடவை கூடம் சிரித்தது வேறு மாதிரி.

ஒட்டிய எலும்பைப் பற்றி ஒரு டாக்டர் கேட்டார். இடுப்பு இன்னும் வலிக்கிறதா என்று இன்னொருவர். மழைக்கு வலிக்கும் என்று மறைக்காமல் சொன்னாள். கட்டுரையில் அது இல்லையே என்று யாரோ சொல்ல, "இல்லை, சேர்த்திருக்க வேண்டும்" என்று பாகீரதி ஒப்புக்கொண்டாள். கடைசியில் அந்த மூத்த சர்ஜன் எழுந்து மேடைக்கு வந்தார். பேராச்சியின் தாடையை நோக்கி நீண்ட அவர் கை பாதி வழியில் நின்றது. பாகீரதியிடம் திரும்பினார்.

"தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்."

பாகீரதி கேட்டாள். பேராச்சி அவசரப்படவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். கீழே உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள், பெரிய டாக்டரைப் பார்த்தாள்.

"பாக்கட்டும்" என்றாள். "மொதல்ல கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

பாகீரதி அதையும் அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். பெரிய டாக்டர் ஒரு கணம் நின்றார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே குழாயடியைத் தேடிப் போனார்.