மார்ச் மாதத்துத் தோட்டாக்கள்

"இட்லி மாவுக்குப் பக்கத்துல தோட்டாவைக் கொண்டு வந்து வெக்கிற மனுஷன் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்!"

"பெட்டி மூடித்தானே இருக்கு கிரிஜா. மாவுல என்ன ஒட்டிக்கப் போகுது?"

"ஒட்டுறதைப் பத்தி யாரு பேசினா? நேத்து வரைக்கும் பேஸ்மென்ட்ல பூட்டி இருந்துது. இன்னிக்கு எதுக்கு ஃபிரிட்ஜுக்கு வந்துது? அதைச் சொல்லுங்க."

"சும்மாதான். கூலா இருக்கட்டுமேன்னு."

"தோட்டா என்ன தயிரா, வெளிய வெச்சா புளிச்சுப் போக?"

கனடாவில், புவாண்ட்-கிளேரில் ஸ்ரீகுமார் வீட்டுக் குசினியின் பின்கதவுக்கு வெளியே, ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்ப் பையோடு நின்ற அம்புறோஸுக்குத் தயிர் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மூச்சில் அது நின்றும் போனது. தோட்டா ஏன் குளிர்பெட்டிக்குள் போனது என்று ஸ்ரீகுமாரின் மனைவி கிரிஜாவுக்குத் தெரியாது. அம்புறோஸுக்குத் தெரியும். ஸ்ரீகுமார் சனிக்கிழமைப் போட்டியில் அந்தத் தோட்டாக்களைத்தான் சுடப்போகிறார். வேண்டாம் என்று இரண்டு கிழமையாக அம்புறோஸ் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றும் அவருடைய காதில் ஏறவில்லை.

அது 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அம்புறோஸ் மட்டக்களப்பு ஆள். டோர்வலில் விமானத்துக்கு உதிரிப்பாகம் கடைகிற பட்டறை ஒன்றில் வேலை. ஸ்ரீகுமார் சென்னைக்காரர், எஞ்சினியர். நகரத்துக்கு வடக்கே ஒரு மணி நேரம் காரோட்டிப் போனால் வருகிற துப்பாக்கிச் சுடும் கழகத்தில்தான் இரண்டு பேரும் சந்தித்தார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் குறி பார்த்துக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு" என்று மூச்சை எண்ணுவது கேட்டு அம்புறோஸ் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து ஐந்து வருடப் பழக்கம். சண்டைக்குத் தப்பி ஓடிவந்தவன் இங்கே வந்து துவக்கைத் தூக்குகிறானே என்று கோயிலடியில் சிலர் கதைத்தார்கள். மான் வேட்டைக்காரர் மான் படம் போட்ட தொப்பியோடு திரிகிற ஊரில் கடதாசிக் குறியைச் சுடுகிற என்னைப் பிடிச்சுக் கேக்கிறீங்களே என்று சொல்லிவிட்டு அம்புறோஸ் தன்பாட்டில் இருந்தார்.

கடையில் விற்கிற தோட்டாவை வாங்கிச் சுடுவதில் இவர்கள் இருவருக்கும் ருசியில்லை. எந்தக் கம்பனியும் செய்யாத அளவில் ஆட்கள் தாங்களே உருவாக்கும் தோட்டாவுக்கு வைல்ட்கேட் என்று பெயர். காட்டுப்பூனை. வேட்டைக்காரர் பாவிக்கிற பழைய பித்தளைக் கோது என்கிற தோட்டா உறையை எடுத்து, அதன் கழுத்தை ஒடுக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, மெல்லிய நீளமான சன்னம், பறந்து போகிற அந்தக் குண்டு, போடுகிற மாதிரி மாற்றினார்கள். அந்தக் கோது உள்ளே சரியாக இருக்கும்படி துவக்கு ஒன்றையும் ஒரு துவக்குக் கம்மியரிடம் சொல்லிச் செய்வித்தார்கள். துவக்கு ஸ்ரீகுமார் பெயரில். கோதை அந்த வடிவத்துக்கு அழுத்துகிற இரும்பு அச்சுகளை, அதாவது டைஸை, அம்புறோஸ் முதலாளியிடம் கேட்டுப் பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் தானே கடைந்தார். உலகத்தில் அந்த அளவில் அது ஒரே ஒரு சோடிதான்.

இப்படித் தோட்டாவுக்கு எவ்வளவு வெடிமருந்து போடுவது என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. குறைவாகத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். சுட்ட கோதை வெளியே எடுத்துப் பார்த்தால் அது கதை சொல்லும். துவக்கின் பின்பூட்டான போல்ட் லேசாகத் திறக்கிறதா, கோதின் பின்பக்கத்தில் பொறி கிளப்புகிற பிரைமர் உருண்டையாக இருக்கிறதா, தட்டையாகி விட்டதா என்று பார்க்க வேண்டும். பொறுமை இல்லாதவன் இந்த வேலைக்கு வரக்கூடாது. அமுக்கம் மிஞ்சினால் கோது பிளந்து நெருப்பும் காற்றும் பின்னுக்கு அடிக்கும். சுடுகிறவனுடைய கன்னமும் கண்ணும் அந்த இடத்தில்தான் இருக்கும்.

கோடைகாலத்தில் இரண்டு பேருக்கும் ஓவர்டைம். அதனால் அந்த வருடம் பெப்ரவரியிலேயே சுட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். கழகத்தில் சனமில்லை, மேசை முழுக்க இவர்களுடையதுதான். மூக்கு விறைக்க, கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக ஏற்றி ஏற்றி வந்து, மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு காலை, முந்நூறு மீற்றரில் மூன்று சன்னமும் ஒரே ஓட்டைக்குள் போனதைக் கண்டார்கள். ஸ்ரீகுமார் பனிக்குள் நின்று ஆடினார். அந்த அளவில் அம்புறோஸ் நூறு தோட்டா கட்டி ஸ்ரீகுமார் கையில் கொடுத்தார். கோடைப் போட்டிக்கு இதுதான் என்று முடிவாயிற்று.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் அதில் கொஞ்சத்தைச் சுட்டுப் பார்க்கப் போனார்கள். முப்பத்திரண்டு பாகை. மற்ற மேசைக்காரர்கள் தங்கள் தோட்டாவை நிழலில் வைத்து, ஈரத் துவாயால் மூடியிருந்தார்கள். இதெல்லாம் ஒரு வெயிலா என்று இவர்கள் இரண்டு பேரும் பகிடி பண்ணினார்கள். மட்டக்களப்பு ஆளுக்கும் சென்னை ஆளுக்கும் முப்பத்திரண்டு பாகை வெயில் கணக்கிலேயே வராது. பெட்டியைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடவும் போய்விட்டார்கள்.

திரும்பி வந்து அம்புறோஸ் சுட்டார். முதலாவது வெடி கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தோளில் இடித்தது. இரண்டாவதுக்குப் பிறகு போல்ட் திறக்கவில்லை. உள்ளங்கையால் அடித்துத்தான் திறந்தார். வெளியே வந்த கோதின் பிரைமர் சப்பட்டையாக இருந்தது. அடிப்பக்கத்தில் பித்தளை பிதுங்கி ஒரு மினுங்கல் தழும்பு. அம்புறோஸ் முதலில் தன் வேலையைத்தான் சந்தேகப்பட்டார். கோதின் கழுத்துத் தடிப்பை அளந்தார், நீளத்தை அளந்தார். எல்லாம் சரி. பிறகு பெட்டியில் கை வைத்துப் பார்த்தார். அடுப்பில் இருந்து இறக்கின சட்டி மாதிரிச் சுட்டது.

அவர்கள் பாவித்த மருந்து சூட்டில் மூர்க்கமாக எரிகிற இனம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, இரண்டு பேரும் வாசித்ததுதான். ஆனால் கனடாவுக்கு வந்த நாளிலிருந்து குளிருக்கு என்ன ஏற்பாடு என்றே யோசித்துப் பழகியவர்கள், சூட்டை யோசிக்கவில்லை.

"ஸ்ரீ, இந்த அளவு குளிருக்குத்தான் சரி. குறைக்க வேணும்," என்றார் அம்புறோஸ்.

"ரெண்டு ஷாட்டை வெச்சு ஒரு முடிவுக்கு வர முடியாது அம்பு. பெட்டி வெயில்ல இருந்துது, அவ்வளவுதான். ஐஸ் போட்டுக் கொண்டு வந்தா ஆச்சு."

"பத்து வெடி வெச்சாத் துவக்கே கொதிக்கும். துவக்கையும் ஐஸுக்க வைப்பியா?"

"குறைச்சா குரூப் விரியும், ஓட்டை எல்லாம் தள்ளித் தள்ளி விழும். புதுசா ஆரம்பிக்க எனக்கு டைம் ஏதுடா? செப்டம்பர்ல நான் கல்கரி போறேன். இங்க இது எனக்குக் கடைசி மேட்ச்."

அதோடு அன்றைய கதை முறிந்தது. பிறகு எத்தனை தரம் சொல்லியும் பலனில்லை, இன்றைக்குத் தோட்டா குளிர்பெட்டிக்குள்.

அம்புறோஸ் கதவைத் தட்டி உள்ளே போனார். கத்தரிக்காயை மேசையில் வைத்தார். கிரிஜா அவரை விடவில்லை.

"வாங்கண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க. இவர் என்கிட்ட மறைக்கிறார். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. புஸ்தகத்துலயே இல்லாத தோட்டாவை வெச்சு விளையாடுறீங்களே, இதுல ஆபத்து இருக்கா, இல்லையா?"

கிரிஜாவின் முதுகுக்குப் பின்னால் ஸ்ரீகுமார் நின்றார். கண்ணால் கும்பிட்டார். உண்மையைச் சொன்னால் அந்தத் துவக்கு அடுத்த கிழமை விற்கப்பட்டு விடும் என்று அம்புறோஸுக்குத் தெரியும். துவக்கும் அச்சுமாக இரண்டு வருட வேலை.

"ஒரு ஆபத்தும் இல்ல தங்கச்சி," என்றார். "ஒரு சின்ன வேலை மிச்சம் கிடக்கு. நான் வீட்ட கொண்டு போய் முடிச்சுக் குடுக்கிறன்."

சொல்லிக்கொண்டே குளிர்பெட்டியைத் திறந்து, மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தன்னைக் காப்பாற்றிய ஆளை மனைவிக்கு முன்னால் ஸ்ரீகுமார் எப்படித் தடுப்பார்? காரடி வரைக்கும் பின்னாலேயே வந்தார். குசினி ஜன்னல் திறந்திருந்ததால் இரண்டு பேரும் குசுகுசுத்துத்தான் சண்டை பிடித்தார்கள்.

"என்ன பண்ணப் போற?"

"கழட்டி, மருந்தைக் குறைக்கப் போறன்."

"அது நம்ம ரெண்டு பேர் லோடுடா. நீ தனியா முடிவெடுக்க முடியாது."

"லோடு ரெண்டு பேருக்கும் சொந்தம்தான். கண் உனக்கு மட்டும்தானே சொந்தம்?"

"ஏங்க, அண்ணாவை ஏன் வெளியவே நிக்க வெச்சுப் பேசிட்டிருக்கீங்க? காபி போட்டாச்சு!" என்று ஜன்னலுக்குள் இருந்து குரல் வந்தது. அம்புறோஸ் காரை எடுத்துவிட்டார்.

தோட்டாவில் இருந்து சன்னத்தைக் கழற்றச் சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான் இருக்கிறது. தோட்டாவை அதற்குள் வைத்துக் கட்டையில் ஓங்கித் தட்டினால் சன்னம் கழன்று விழும். அம்புறோஸ் பார்க்-எக்ஸ்டென்ஷனில் தன் அப்பார்ட்மென்ட் தரையில் குந்தி இருந்து தட்டத் தொடங்கினார். விமானச் சாப்பாடு கட்டுகிற வேலை முடிந்து வந்த மனைவி செலீன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கீழ் வீட்டு மனுசி வந்து கேட்டா நான் என்னெண்டு சொல்ல? மா இடிக்கிறம் எண்டா?"

"ஓம், அப்படிச் சொல்லும்."

"மத்தவளுகள்ற புருசன்மார் சீட்டாடிப்போட்டு நேரத்துக்கு வந்து படுக்கிறானுகள். எனக்கு வாய்ச்சது கட்டுறதும் கழட்டுறதும்." சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கிரிஜாட்ட உண்மையைச் சொன்னீங்களா?" என்றார்.

"ஆபத்தில்ல எண்டுதான் சொன்னன். நான் எடுத்துக்கொண்டு வந்திட்டன்தானே. இப்ப ஆபத்தில்லத்தானே."

"இண்டைக்கு இல்ல," என்றார் செலீன்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, குறைந்த அளவுகள் சிலதில் கட்டினார். தான் ஜூலையில் சுட்ட கோதுகளையும் காட்டுவதற்கு எடுத்துக்கொண்டு ஸ்ரீகுமாரைக் கூப்பிட்டார். கடுகடுப்போடு என்றாலும் ஸ்ரீகுமார் துவக்கோடு கழகத்துக்கு வந்தார். வெயிலில் வைத்துச் சுட்டுப் பார்த்துப் போல்ட் இரண்டு விரலால் திறக்கிற அளவை எடுத்தார்கள். சன்னங்கள் விழுந்த வட்டம் கொஞ்சம் விரிந்திருந்தது. ஒரே ஓட்டை இல்லை, தேத்தண்ணிக் கோப்பை வாயளவு.

சனிக்கிழமை நல்ல வெயில். ஸ்ரீகுமாரின் சன்னங்கள் முதலில் குறிக்குக் கீழே பதியப் போயின. துவக்கில் குறிபார்க்கிற கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்து முடிக்கக் காற்றும் மாறிவிட்டது. நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் வந்தார். போல்ட் ஒரு தரமும் இறுகவில்லை, கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

"பூனைக்கு நகத்தை வெட்டிட்ட அம்பு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் துவக்கை உறைக்குள் போட்டார்.

செப்டம்பரில் குடும்பம் கல்கரி போனது. துவக்கும் போனது. டைஸ் அம்புறோஸின் மேசையிலேயே இருந்துவிட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நவம்பர் முடிவில் தொலைபேசி வந்தது.

"அம்பு, எப்படிடா இருக்க? இங்க ஒரு நல்ல கிளப் கிடைச்சிருக்கு. ஐந்நூறு மீட்டர் வரைக்கும் போகலாம். அந்த டைஸை பார்சல் பண்ணிடு."

"எந்த அளவு போடப் போறாய்?"

"இங்க மைனஸ் இருபது. மார்ச் லோடுதான், வேற என்ன?"

"வெயிலுக்கு?"

"வெயில் வரும்போது பாத்துக்கலாம். நீ அனுப்பலன்னா நான் சுட்ட பித்தளை கேஸை அமெரிக்காவுக்கு அனுப்பி டைஸ் பண்ணிக்குவேன். மாசக் கணக்கா ஆகும், அவ்வளவுதான். ஆனா உன் கையால செஞ்சதை விட்டுட்டு எனக்கு அது எதுக்கு?"

அதற்குள் கிரிஜா தொலைபேசியை வாங்கிவிட்டார். குளிர், வீட்டு விலை, நல்ல கத்தரிக்காய் கிடைக்காதது எல்லாம் சொன்னார். கடைசியில் சொன்னார்: "அனுப்பிடுங்கண்ணா. இவர் முகத்தையே பாக்க முடியல. அன்னிக்கு நீங்க ஆபத்தில்லன்னு சொன்னதாலதான் நான் இதுல தலையிடறதே இல்ல. உங்களை நம்பித்தான் விட்டிருக்கேன்."

"சரி தங்கச்சி," என்றார் அம்புறோஸ்.

இப்போது, டிசம்பர் தொடக்கத்தில், டைஸுக்கு எண்ணெய் பூசி, துணி சுற்றி, பெட்டியில் போட்டு, விலாசமும் எழுதி ஒட்டியாயிற்று. தபாலுக்குப் போகவில்லை. மைனஸ் இருபதில் அந்த அளவு ஒன்றும் செய்யாது. ஜூலையில் செய்யும். அனுப்பினால் அந்தக் கோதைத் தன் கையாலேயே அழுத்திக் கொடுத்த மாதிரி. அனுப்பாவிட்டால் ஸ்ரீகுமார் வேறு இடத்தில் செய்விப்பார், பிறகு என்ன அளவு போடுகிறார் என்று கேட்கிற உரிமையும் போய்விடும். கிரிஜாவுக்கு உண்மையைச் சொன்னால் துவக்கும் போகும், ஸ்ரீகுமாரும் போவார், தான் பொய் சொன்னதும் வெளியே வரும். செலீனைக் கேட்டால், "தபால் கந்தோருக்கு முதல் கிரிஜாட்டப் போங்க," என்கிறார். அம்புறோஸ் தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார்.

வாசித்தவர்களிடம் நேராகவே கேட்கிறேன். தோட்டா கட்டத் தெரிந்தவர்கள், துவக்கையே கண்ணால் காணாதவர்கள், யாராக இருந்தாலும் சரி. பெட்டியை அனுப்பலாமா? கிரிஜாவிடம் சொல்ல வேண்டுமா, சொல்வதென்றால் எப்படித் தொடங்குவது? ஒரு வரியாவது கீழே பதில் எழுதுங்கள். அம்புறோஸ் பதில்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.