கார் ஷெட்டில் நின்ற சீர்

தா.பழூரிலிருந்து பெரம்பலூருக்குக் குட்டியானை வண்டியில் ஏற்றி, பள்ளம் மேடு பார்த்து ஓட்டச் சொல்லி, ஒரு கீறலும் படாமல் கொண்டுவந்த தேக்கு மேசை சம்பந்தி வீட்டுக் கார் ஷெட்டோடு நின்றுவிடும் என்று அழகேசன் கனவிலும் நினைக்கவில்லை. மணக்கோலத்தில் மகள் சிவரஞ்சனி வலக்காலை எடுத்துவைத்து உள்ளே போனாள். அவளுக்குப் பின்னே பித்தளைக் குடங்கள் போயின, கட்டில் போயிற்று, பீரோவும் போயிற்று. மேசைக்கும் அதன் ஆறு நாற்காலிகளுக்கும் மட்டும் உள்ளே இடமில்லை.

"கொஞ்ச நாளு ஷெட்லயே கெடக்கட்டுங்கண்ணே," என்றார் சம்பந்தியம்மாள் சம்பூர்ணம். "நாங்கதான் இன்னும் காரு வாங்கலியே."

நிச்சயதார்த்தத்தன்று, 'ஆறு பேரு உக்கார்ற மாதிரி, நல்ல தேக்குல' என்று வாய்விட்டுக் கேட்டவரும் இதே சம்பூர்ணந்தான். இடையில் பங்காளி வீட்டில் ஒரு சாவு நேர்ந்ததால் திருமணம் ஆவணிக்குத் தள்ளிப்போயிற்று. அந்த இடைவெளியில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்தார்கள். சுவரோடு பழைய ஆசையும் போய்விட்டது. அதைப் பெண்ணைப் பெற்றவனுக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கவேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். "இதான் மாமா இப்ப ஃபேஷன். ரெட்ரோ. சென்னையில ஆர்டர் குடுத்தாச்சு."

அழகேசன் கண்ணருகே வைத்துப் பார்த்தார். வெளிர்பச்சைச் சன்மைக்கா பலகை. ஓரத்தைச் சுற்றி அலுமினியப் பட்டை. சற்றே அகட்டி நிற்கும் இரும்புக் குழாய்க் கால்கள். அவர் வீட்டுச் சமையலறையில் சிவரஞ்சனி பிறப்பதற்கு முன்பிருந்தே நின்ற மேசையும் இதுவேதான். பெண் பார்க்க வந்த அன்று சம்பூர்ணம் அதை ஒரு விரலால் தொட்டு, "இன்னுமா இதெல்லாம் வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் மறுநாளே அதைத் தூக்கி மாட்டுக் கொட்டகையில் போட்டார். இப்போது அதன்மேல் தவிட்டு வாளி இருக்கிறது.

"இது எங்க மாட்டுக்கொட்டாயில நிக்குது மாப்ள," என்றார், உண்மையான மகிழ்ச்சியோடு. "நாளைக்கே கழுவிக் கொண்டாந்துடட்டுமா?"

"அது பழசு மாமா. இது பழசு மாதிரி செஞ்ச புதுசு."

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள அழகேசனால் இயலவில்லை. விளங்கிக்கொள்ளத்தக்க பொருள் அதில் ஏதேனும் உண்டா என்பதும் ஐயமே.

வண்டி ஓட்டிவந்த முத்துவேல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "என்ன சித்தப்பா, திருப்பி ஏத்திடவா? இதுக்கும் ஒரு மாப்ள அமையாமயா போயிடுவான்?"

"வாய மூடுடா."

சீராக வந்த பொருள் பெண் வீட்டுக்குத் திரும்பினால், பெண்ணே திரும்பிவிட்டதாக ஊர் பேசும். உள்ளேயும் போகமுடியாமல், ஊருக்கும் திரும்பமுடியாமல் மேசை அங்கேயே நின்றது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தபோது, தலைத்தீபாவளிக்கு அழைப்பதற்காக அழகேசன் இரண்டு பஸ் மாறிப் பெரம்பலூருக்குப் போனார். கூடத்தில் புதுப் பழைய மேசை வந்து நின்றது. அதற்கு நாற்காலி நான்குதாம். மாமனார், மாமியார், மாப்பிள்ளை, அவன் தம்பி என்று நால்வருக்கும் அது சரியாகப் போய்விடுமே என்று அழகேசனின் மனம் கணக்குப் போட்டது. அன்றைக்குத் தம்பி எழுந்து அவருக்கு இடம் விட்டான். சிவரஞ்சனி இடியாப்பம் பரிமாறினாள்.

"நீயும் உக்காரும்மா."

"நான் அப்புறம் சாப்புடுறேம்ப்பா."

அழகேசன் சற்றுத் தயங்கிவிட்டு, "வெளில கெடக்குற நாற்காலில ஒண்ண உள்ள போட்டுக்கலாமுங்களே," என்றார்.

"மேட்ச் ஆவாதுண்ணே," என்றார் சம்பூர்ணம், கடுமை சிறிதுமில்லாமல். "அவளுக்கும் வெளில காத்தாட உக்காந்து சாப்புட்டாத்தான் புடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க."

வேண்டாம் என்று சொல்லும் முன்பே இலையில் இடியாப்பம் விழுந்துவிட்டது. அதை எப்படியோ விழுங்கிமுடித்தார். பிறகு மாப்பிள்ளையோடும் சம்பந்தியோடும் நெல் விலையைப் பற்றிச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து கை கழுவி, அந்த ஈரம் காயாமலே ஷெட்டுக்குப் போனார்.

மேசையின் முக்கால் பாகத்தில் பெயின்ட் டப்பாக்களும், பழைய டயர் ஒன்றும், இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி மூட்டையும் குவிந்து கிடந்தன. ஒரு மூலையை மட்டும் துடைத்து, அங்கே தட்டை வைத்துக்கொண்டு சிவரஞ்சனி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறு பேர் அமரும் மேசையில் அவள் ஒருத்தி. சாரல் உள்ளே அடித்தது. தேக்கின் ஓரம் நீர் குடித்து வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"மழையில ஊறுதேம்மா," என்றார். "ஊரு என்ன பேசுனாலும் பேசட்டும். முத்துவேல வரச்சொல்லி எடுத்துட்டுப் போயிடுறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குறை சொல்லும் முகமாக அது இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கும் முகமாகவே இருந்தது.

"எடுத்துட்டுப் போயிட்டா நான் எங்கப்பா உக்காருவேன்?"

அழகேசன் திரும்பி வாசற்படி வரைக்கும் நடந்தார். மகளுக்கு உள்ளே ஓர் இடம் கேட்டுவிடவேண்டும் என்றுதான் போனார். உள்ளே ஜெயப்பிரகாஷ் பச்சைப் பலகையை மெல்லிய துணியால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, கை தொடைக்கத் துண்டு வேணுமா?"

மகள் நாளையும் இந்த வீட்டில்தான் சாப்பிடவேண்டும்.

"இல்ல மாப்ள. எங்கிட்டயே இருக்கு," என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பி வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து, மேசை விளிம்பில் கோத்திருந்த நீரைத் துடைக்கத் தொடங்கினார். அவர் துடைத்த இடத்தில் சாரல் மறுபடியும் விழுந்தது. துண்டு தட்டருகே வந்தபோது, சிவரஞ்சனி தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.