ரெண்டு நிமிசம் பொறுங்கோ, அன்ரி

உதயகலாவின் மடிக்கணினி ஒரு கிழட்டுச் சோம்பேறி. திறந்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி வைத்துக் குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால்தான் அது கண் விழிக்கும். போன மாதம் அவள் புருசன் ஜெயதீபன் அதற்கு ஒரு வைத்தியம் பார்த்தான். நினைவகத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அதையே ஒரு டிஸ்க் போல வேலை செய்ய வைத்தான். வேகம் என்ற பொருளில் 'கெதி' என்று பெயரும் சூட்டினான். அதில் வைத்து வேலை செய்தால் கிழடு பறந்தது.

"ஆனால் ஒண்டு," என்றான். "கரண்ட் போனால் கெதியிலை ஒண்டும் மிஞ்சாது. வேலை முடிஞ்ச கையோடை மற்ற டிஸ்கிலை கொப்பி பண்ணிப்போடு. உதிலை பற்றறியும் இல்லை, மறந்திடாதை."

பற்றறி வீங்கிப்போய், கழற்றி எறிந்து ஆறு மாதம். சுவரில் இருக்கும் பிளக்தான் அதன் உயிர்.

ஊரில் யார் கண்மூடினாலும், முப்பத்தோராம் நாள் வருகிறவர்கள் கையில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை உதயகலாதான் செய்வாள். தேவாரம், வம்சாவழி, படங்கள், வீட்டுக்காரரின் நினைவுகள் எல்லாம் அதில் இருக்கும். அன்று அவள் போயிருந்தது அச்சுவேலிக்குப் பக்கத்தில் பாலேஸ்வரியின் வீட்டுக்கு. பாலேஸ்வரியின் புருசன் சீவரத்தினம் தோட்டத்தில் மின்னல் அடித்துச் செத்து இருபத்தாறு நாள்.

அன்று தொட்டு மனுசி வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்டவள், மைக்கை முன்னால் வைத்ததும் மடை திறந்த மாதிரிக் கதைக்கத் தொடங்கினாள். முழுசாக ஒரு மணித்தியாலம். பெண் பார்க்க வந்த அன்று அவர் பதற்றத்தில் அவளுடைய தகப்பனின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனது, இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்தபோது ஒழுங்கையில் அவளுக்குச் சைக்கிள் பழக்கியது. உதயகலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகிற கண்ணோடு பதிவை எங்கே சேமிக்கிறோம் என்று யார் பார்ப்பார்கள்? விரல் பழக்கத்தில் கெதியில் தட்டியது.

பாலேஸ்வரி தேத்தண்ணி போட உள்ளே போனாள். வானம் உறுமியது. ஐப்பசி இடி.

இடி கேட்டால் பிளக்குகளைக் கழற்றுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்த வீட்டில் கேட்கவே வேண்டாம். உதயகலா அவசரமாகப் பதிவைக் கொப்பி பண்ணக் கொடுத்தாள். பழைய டிஸ்க் கரகரத்தது. ஐந்து நிமிடம் என்றது திரை.

குசினியில் ஃபிரிட்ஜின் பிளக் கழன்றது. பிறகு அறையில் மின்விசிறி நின்றது. நான்கு நிமிடம். முன்கூடத்தில் டிவி. மூன்று. பாலேஸ்வரி வாசலில் நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"கழட்டு, பிள்ளை!"

"ரெண்டு நிமிசம் பொறுங்கோ, அன்ரி. நீங்கள் கதைச்சது முழுக்க இதுக்குள்ளை இருக்கு. இப்ப கழட்டினால் அங்கிளைப் பற்றி ஒண்டும் மிஞ்சாது. என்ரை பிழைதான். ரெண்டே ரெண்டு நிமிசம்!"

பாலேஸ்வரி பிளக்கில் கை வைத்தாள். யன்னல் வெளுத்து அணைந்தது. பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

"அந்த மனுசனும் உப்பிடித்தான் சொன்னவர்," என்றாள். "தோட்டத்து மோட்டரை மூடிப்போட்டு ரெண்டு நிமிசத்திலை வாறன் எண்டு."

பிடுங்கிவிட்டாள்.

திரை கறுத்தது. இடி எங்கோ தூரத்தில் விழுந்தது. மழை கொட்டியது, அவ்வளவுதான். மின்னல் அதன் பிறகு அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. உதயகலாவுக்குத் தன் மீதே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருபத்தாறு நாள் கழித்து வந்த கதையை ஒரு கவலையீனத்தில் தொலைத்துவிட்டாளே! முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பாலேஸ்வரி ஒரு கொப்பியையும் பேனையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுது. இதுக்குக் கரண்ட் வேண்டாம்."

உதயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெண் பார்க்க வந்த அன்று" என்று எழுதத் தொடங்கினாள்.

"அது பிறகு. முதல் இதை எழுது. நான் உனக்குச் சொல்லேல்லை." பாலேஸ்வரி மழையைப் பார்த்தாள். "அவர் படுத்திருந்தவர். மோட்டர் நனையப் போகுது, போய் மூடுங்கோ எண்டு எழுப்பி அனுப்பினது நான்தான்."

பேனை நின்றுவிட்டது.

"புத்தகத்திலை போடாதை, பிள்ளை," என்றாள். "ஆனால் எழுது."